இரண்டாவது கீப்பர்

ஜனவரி 7

எங்கள் பாலிடெக்னிக்கின் பி.டி. மாஸ்டர் துரைப்பாண்டி சார், ஃபுட்பால் டீமில் இருக்கும் எல்லோரும் தினமும் பயிற்சிக் குறிப்பு எழுத வேண்டும் என்று புத்தாண்டு அன்று உத்தரவு போட்டார். பெரிய டீம்களில் எல்லாம் அப்படித்தானாம். ஒரு வாரத்துக்குள் மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். எனக்கு நிறுத்தக் காரணம் இல்லை. நான் இரண்டாவது கீப்பர். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு எழுத விஷயம் நிறையக் கிடைக்கும்.

இன்று ஓட்டம், பாஸிங், பிறகு மைதானத்து மூலையில் தேங்கிய தண்ணீரை வாளியால் இறைத்தோம். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற நிலக்கரி லாரிகள் கிளப்பும் தூசியில் வெள்ளை சாக்ஸ் சாம்பல் நிறமாகிவிட்டது. அம்மா அதை வீட்டுக்குள்ளேயே கொண்டு வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

எல்லோரும் கிளம்பிய பிறகு ரெக்சனுக்காக நின்றேன். ரெக்சன் எங்கள் ஸ்ட்ரைக்கர். என்னோடு மெக்கானிக்கல் கடைசி வருஷம். முதல் வருஷத்திலிருந்து இதுதான் வழக்கம், பயிற்சி முடிந்த பின் அவன் வெளிச்சம் மங்கும்வரை ஷாட் அடிப்பான், நான் கோலில் நிற்பேன். முதல் கீப்பர் இசக்கிமுத்து நிற்க மாட்டான். அவன் கை அவனுக்கு முக்கியம். என் கை யாருக்கும் முக்கியமில்லை என்பதால் பிரச்சினை இல்லை.

ஜனவரி 19

மண்டலப் போட்டி. நாகர்கோவில் டீமை ஜெயித்தோம். ரெக்சன் இரண்டு கோல். நான் வார்ம்-அப் செய்தேன், தண்ணீர் பாட்டில் நிரப்பினேன், இசக்கிக்குக் கிளவுஸ் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டேன்.

நாளை லேத் பிராக்டிக்கல்.

பிப்ரவரி 2

எங்கள் மாதிரி ஆட்களுக்கு உள்ள சிக்கலை ரெக்சன் இன்று பரோட்டாக் கடையில் அழகாகச் சொன்னான். "கிணத்துக்குள்ள நின்னுகிட்டு கோல் அடிக்கோம்ல. எவன் எட்டிப் பாக்கான்?"

உண்மைதான். பாலிடெக்னிக்காரன் பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆட முடியாது. கிளப்காரர்கள் பார்க்க வருவது அங்கேதான். ஒரே வழி, டிப்ளமா முடித்ததும் சென்னையில் உள்ள பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் நேராக இரண்டாம் வருஷம் பி.இ. சேர்வது. கட்டணம் கிடையாது, ஹாஸ்டல் உண்டு, புல் மைதானம் உண்டு. அங்கே நன்றாக ஆடினால் பக்கத்திலேயே இருக்கிற கிளப் தன் ரிசர்வ் டீமுக்கு எடுத்துக்கொள்ளும். எங்களுக்கு ஐந்து வருஷம் மூத்த ஒருவன் இந்த வழியில் போய் இப்போது கோவாவில் ஆடுகிறான். அவன் படத்தைத் துரைப்பாண்டி சார் தன் அறையில் சாமி படத்துக்கு அடுத்ததாக மாட்டியிருக்கிறார்.

"நான் போயிருவேம்ல," என்றான் ரெக்சன். அவன் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பஸ் வந்துவிடும் என்பது போலச் சொன்னான்.

"போயிருவ," என்றேன்.

பிப்ரவரி 21

கேம்பஸ் இன்டர்வியூவில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை, டிரெய்னி. ஜூலையில் சேர வேண்டும். அம்மா தெருவுக்கே மக்ரூன் கொடுத்தாள். ரெக்சன் இன்டர்வியூவுக்கே வரவில்லை. ஃபுட்பாலில் வழி கிடைக்கவில்லையென்றால் அவன் அப்பாவோடு விசைப்படகில் கடலுக்குப் போவது என்று அவன் வீட்டில் ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது. அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஒரு முறை போனபோது வாந்தி எடுத்தே சுருண்டுவிட்டான். மீனவன் மகனுக்கு இப்படி என்று வெளியே சொல்ல அவர்கள் வீட்டில் வெட்கம்.

மார்ச் 9

மேட்ச் இல்லை. கிளவுஸ் துவைத்தேன்.

ஏப்ரல் 17

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. படகுகள் எல்லாம் கரையில். ரெக்சன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அப்பா வாசலில் வலை கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெக்சன் ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் அவனைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

"தம்பி, ஜூன் பாதியில கடல் தொறந்துருவாங்க. அதுக்குள்ள அந்த மெட்ராஸ் காரியம் என்னன்னு தெரிஞ்சிரணும். போட்ல ஒரு ஆள் கொறையுது. வேற ஆளு பேசுறதா, இவனக் கூட்டிட்டுப் போறதா?"

"கெடச்சிரும் அப்பா," என்றேன்.

"கெடச்சா சந்தோசந்தான். நானா வேண்டாங்கேன்?"

அவர் நல்ல மனிதர். அவர் கேட்டதும் நியாயமான கேள்வி.

மே 8

பரீட்சை முடிந்தது. துரைப்பாண்டி சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மே 25 சென்னையில் அந்தப் பல்கலைக்கழகத்தின் டிரையல். அங்கே கீப்பர்கள் விடுமுறையில் இருப்பதால் வெளியூர் ஸ்ட்ரைக்கர்கள் முடிந்தால் கூடவே ஒரு கீப்பரை அழைத்து வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நாம கீப்பரக் கூட்டிட்டுப் போறோம்," என்றார் சார். குரலில் ஒரு கள்ளச் சிரிப்பு. "நம்ம பையன் கோலுக்குள்ள நின்னா, நம்ம பையனக் கொஞ்சம் பாத்துக்கிடுவாம்லா."

"இசக்கியச் சொல்லிரவா சார்?" என்றான் ரெக்சன்.

"ஏல, இசக்கி எதுக்கு? அவன் பிடிச்சிருவான். சீலன் வரட்டும்."

பிறகு என்னைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதல," என்றார்.

தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. நல்ல யோசனைதான். வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

மே 12

புதுக் கிளவுஸ் வாங்கினேன். பழையதில் ஓட்டை ஒன்றும் இல்லை. ஆனாலும் சென்னைக்குப் போகிறோம், டீமின் மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

மே 15

காலையில் கடற்கரை மணலில் கொஞ்சம் தாவிப் பழகினேன். பரீட்சை நேரத்தில் உடம்பு விறைத்துவிட்டது. வேறு காரணம் இல்லை.

மே 16

கடற்கரை.

மே 19

கடற்கரை. அம்மா கேட்டாள், "வேலைக்குப் போற பிள்ள எதுக்குடா மண்ணுல பொரளுத?" உடம்புக்கு நல்லது என்றேன்.

மே 24

முத்துநகர் எக்ஸ்பிரஸில் எழுதுகிறேன். துரைப்பாண்டி சார் மேல் பெர்த்தில் ஏறிக் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். மணியாச்சி தாண்டியதும் ரெக்சன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குப் பாதி வைத்தான். அவன் அம்மா வெங்காயச் சட்னி அரைத்திருந்தார்கள்.

"ஏல, எல்லாத்தையும் விட்டுராத," என்றான். "சந்தேகம் வந்துரும். மூணு அடிச்சா ஒண்ணப் பிடி. மிச்சத்தக் கொஞ்சம் லேட்டா தாவு."

"சரி."

"மொத பந்தப் பிடிச்சிக்க. பெறகு விடு. அப்பந்தான் கோச்சுக்கு, இவன் நல்ல கீப்பரு, இவனுக்கே அடிக்கானேன்னு தோணும்."

"நல்லாத்தான் யோசிச்சிருக்க."

"ரெண்டு வாரமா இதத்தாம்ல யோசிக்கேன்," என்றான். சிரித்தான். அவன் பயந்து நான் பார்த்ததில்லை. இன்று இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தான், தின்னவில்லை.

மே 25

டிரையல் முடிந்தது. திரும்பும் ரயிலில் எழுதுகிறேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அந்த மைதானம் மாதிரி ஒன்றை நான் தொட்டதில்லை. குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. வாசு என்கிற கோச் உயரமானவர், அதிகம் பேசாதவர். பல ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். மணிப்பூரிலிருந்து ஒரு பையன் காலில் பந்தை ஒட்டவைத்தது போல ஓடினான். கீப்பர்கள் நாங்கள் சிலர்தான். மாறி மாறி நின்றோம்.

காலையில் ஆட வைத்தார்கள். ரெக்சன் நன்றாக ஆடினான். வாசு கோச் அவனை இரண்டு முறை திரும்பிப் பார்த்ததை நானே பார்த்தேன். பிறகு கடைசிச் சோதனை. பெனால்டி பாக்ஸ் விளிம்பில் பந்தை வைத்து ஓடி வந்து அடிக்க வேண்டும். ரெக்சன் முறை வந்தபோது துரைப்பாண்டி சார் கோட்டுக்கு வெளியிலிருந்து கோச்சிடம், "எங்க கீப்பரே நிக்கட்டும் சார், பழகின பையன்," என்றார். கோச் தலையாட்டினார்.

முதல் பந்து எனக்கு இடது பக்கம். பிடித்தேன். அதுதான் பேச்சு.

இரண்டாவது வலது பக்கம், மேலே. விரல் நுனியில் பட்டு வெளியே போய்விட்டது. கொஞ்சம் லேட்டாகத்தான் தாவ நினைத்தேன். உடம்பு முன்பே போய்விட்டது.

மூன்றாவது மறுபடி இடது, தரையோடு. தட்டிவிட்டேன். நான்காவதற்கு முன் ரெக்சன் என்னை ஒரு பார்வை பார்த்தான். விட்டுவிட வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பந்து வந்தது, கை போனது. மூன்று வருஷம் மாலை மாலையாக ஒருவன் அடித்ததையே தடுத்த உடம்பு அது. பந்து வந்தால் கை போகத்தான் செய்யும். கடைசிப் பந்தை அவன் கோலுக்கு மேலே தூக்கி அடித்துவிட்டான். அதற்கு நான் பொறுப்பில்லை.

மற்றவர்களுக்கும் நின்றேன். அவர்கள் அடித்ததில் பாதிக்கு மேல் உள்ளே போயிற்று. மணிப்பூர்ப் பையன் அடித்த எதையும் நான் தொடவே இல்லை.

முடிந்ததும் வாசு கோச் நேரே என்னிடம் வந்தார். "தம்பி, நீ எந்த காலேஜ்? டிப்ளமாவா? மார்க் எவ்வளவு?"

சொன்னேன். போன் நம்பர் வாங்கிக்கொண்டார். துரைப்பாண்டி சார் சற்றுத் தள்ளி நின்று தன் தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ரயிலில் ரெக்சன் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். செங்கல்பட்டு ஏரி வந்தபோது, "எப்பிடில எல்லாத்தையும் பிடிச்ச?" என்றான். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"தெரியலல. கை தானா போச்சு," என்றேன்.

"ம். சில நாளு அப்பிடித்தான்," என்றான். பிறகு தன் போர்வையை எடுத்து என்னிடம் கொடுத்தான். நான் கொண்டு வரவில்லை என்பது அவனுக்கு ஞாபகம் இருந்தது.

ஜூன் 4

போன் வந்தது. கீப்பர் இடத்துக்கு என்னை எடுத்திருக்கிறார்கள். ஸ்ட்ரைக்கராக மணிப்பூர்ப் பையன்.

ஒரகடம் வேலை என்ன ஆகும் என்று அப்பா கேட்டார். அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

ஜூன் 6

துரைப்பாண்டி சாரிடம் போனேன். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த இடம் ரெக்சனுக்குப் போகுமா என்று கேட்டேன்.

"கிறுக்கா ஒனக்கு? கீப்பர் சீட்டுல ஸ்ட்ரைக்கர எப்பிடில போடுவான்? நீ போகலன்னா வேற கீப்பரு. அவ்வளவுதான்." பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு, "நாந்தாம்ல முட்டாப்பய. இசக்கியக் கூட்டிட்டுப் போயிருக்கணும். அவன் ஒரு நாளாவது ரெக்சனுக்கு நின்னிருக்கானா? நீ தெனமும் நின்னவன். அத நெனச்சிப் பாக்கலயே," என்றார்.

இந்த விஷயத்தில் தியாகம் செய்ய வழியே இல்லை என்று தெரிந்தது. அது ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. எவ்வளவு நிம்மதி என்று எழுதத் தேவையில்லை.

ஜூன் 15

கடல் திறந்துவிட்டது. ரெக்சன் படகில் போய்விட்டான். வழியனுப்ப மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தான், வாந்திக்கு. என்னைப் பார்த்ததும் பாக்கெட்டில் மறைத்துக்கொண்டான்.

"மெட்ராஸ் போனதும் போன் போடுல. அங்கன ஷூ நல்லதா கெடச்சா சொல்லு," என்றான்.

படகு துறைமுக முனையில் திரும்பி மறையும்வரை நின்றேன். டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 11

சென்னை. ஹாஸ்டல். அறையில் மூன்று பேர். சாம்பாரில் சர்க்கரை போடுகிறார்களோ என்று சந்தேகம். இங்கே நான் மூன்றாவது கீப்பர். இரண்டாவதாக இருந்தவன் முன்னேறிவிட்டேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன், அவளுக்குப் புரியவில்லை.

செப்டம்பர் 3

இன்று ஷூட்டிங் பயிற்சியில் ஏழெட்டு உள்ளே விட்டேன். வாசு கோச் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"டிரையல்ல பறந்தியேப்பா, அது எங்க போச்சு? அன்னிக்கு அந்தத் தூத்துக்குடிப் பையன் கால் தூக்கறதுக்கு முன்னாடியே கிளம்பினே. இங்க பந்து தாண்டினப்புறம் கிளம்பறே."

புல் வழுக்குகிறது என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 14

வாசு கோச் கீப்பர்களை உட்காரவைத்து வீடியோ போட்டுக் காட்டினார். அடிக்கிற ஒவ்வொருவனுக்கும் அவனே அறியாத ஒரு பழக்கம் இருக்கும், அதைப் பிடித்துவிட்டால் பந்தைப் பார்க்கவே வேண்டாம் என்றார். ஒருவன் மூச்சை இழுப்பான், ஒருவன் அடிக்காத பக்கத்தைப் பார்ப்பான்.

எனக்கு இது புதிதில்லை. ரெக்சனுக்கு உண்டு. கீப்பரின் இடது பக்கம் அடிக்கப் போகிறான் என்றால், ஓட ஆரம்பிக்கும் முன் ஜெர்சியின் வலது தோளைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துவிடுவான். இழுக்கவில்லை என்றால் வலது பக்கம். தவறவே தவறாது. இரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் கவனித்தேன். அவனுக்குத் தெரியாது. இசக்கிக்கும் தெரியாது. துரைப்பாண்டி சாருக்கும் தெரியாது. வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று பயிற்சியில் எப்போதாவதுதான் அதை வைத்துத் தாவுவேன்.

சொல்லியிருக்கலாம். அன்றாடம் அவனிடம் தோற்றுக்கொண்டிருந்த இடத்தில் எனக்கென்று கிடைத்த ஒன்று அது. கொடுக்க மனம் வரவில்லை.

அக்டோபர் 15

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். பின்பக்கம் தெர்மோடைனமிக்ஸ் பரீட்சை தேதி எழுதியிருக்கிறது. விட்டுவிட்டேன்.

நவம்பர் 20

இங்குள்ள ஸ்ட்ரைக்கர்கள் எல்லோரையும் கவனித்துவருகிறேன். மணிப்பூர்ப் பையன் மட்டும் பிடிபடவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக அகப்படுகிறார்கள். நேற்றுப் பயிற்சியில் நான்கு தடுத்தேன். வாசு கோச், "வந்துட்டியா?" என்றார். பக்கத்துக் கிளப்பின் ரிசர்வ் டீமுக்கும் அவர்தான் கோச். அங்கே பயிற்சிக்கு ஒரு கீப்பர் குறைகிறதாம். வாரம் இரண்டு நாள் வரச் சொன்னார்.

கிளப் ஜெர்சி போட்டு ஒரு போட்டோ எடுத்தேன். யாருக்கும் அனுப்பவில்லை.

டிசம்பர் 2

ரெக்சனிடம் பேசினேன். கடலில் இப்போது வாந்தி வருவதில்லையாம், தலை மட்டும் சுற்றுகிறதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுக டீமுக்கு ஆடுகிறான். கோல் அடிக்கிறான். பெனால்டி மட்டும் சில பேர் பிடித்துவிடுகிறார்கள் என்றான். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை.

வாசு கோச்சிடம் இன்று தனியாகக் கொஞ்சம் பேசினேன். வேறு விஷயம்.

டிசம்பர் 27

ஊர். கிறிஸ்துமஸ் முடிந்து தெருவில் இன்னும் ஸ்டார்கள் தொங்குகின்றன. மாலையில் பாலிடெக்னிக் மைதானத்துக்கு ரெக்சன் பந்தோடு வந்தான். கை தடித்துவிட்டது, முகம் கறுத்துவிட்டது. பிப்ரவரியில் கிளப்பின் ரிசர்வ் டீமுக்கு டிரையல் இருக்கிறது, துரைப்பாண்டி சாருக்கு அங்கிருந்தே போன் வந்ததாம், எப்படியோ தன் பேர் அங்கே போயிருக்கிறது என்று சொன்னான். அவன் அப்பாவும் சம்மதித்துவிட்டார். இதுதான் கடைசித் தடவை என்று மட்டும் சொன்னாராம்.

"நில்லுல," என்றான்.

நின்றேன். அவன் பந்தை வைத்துப் பின்னால் போனான். வலது தோளை இழுத்துவிட்டான். நான் தாவவில்லை. அப்படியே நின்றேன். பந்து இடது பக்கம் போய் விழுந்தது.

"என்னல?"

"ஒண்ணு சொல்லணும்," என்றேன். சொன்னேன். தோளைப் பற்றி, இடது வலது பற்றி. என் குரல் பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. அவன் தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்தான். ஓடிப் போய்ப் பந்தை எடுத்து வந்தான், வைத்தான், பின்னால் போனான், கை தானாகத் தோளுக்குப் போனது. பாதியில் நிறுத்தினான்.

"ஆமால்ல," என்றான். ஒரு நிமிஷம் அவன் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. பிறகு அது மெல்ல மாறியது.

"எப்பத்துலருந்து தெரியும் ஒனக்கு?"

"ரெண்டாம் வருசம்."

"அப்பம் மெட்ராஸ்ல?"

நான் கோல் கோட்டைக் காலால் தேய்த்தேன்.

"கை தானா போச்சுன்ன."

"ம்."

"நான் தோள இழுத்தத அன்னைக்குப் பாத்தியா, பாக்கலயா?"

"பாத்தேன்."

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"ஒனக்கும் வேணும்னா வேணும்னு சொல்லிருக்கலாம்லா," என்றான். "ரெண்டு பேருமா ஏதாவது யோசிச்சிருப்போம்."

போய்விட்டான். கோல் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு வேண்டும் என்று எனக்கே அதுவரை சொல்லிக்கொண்டதில்லை. அழுகை வந்தது. அழுதேன்.

ஜனவரி 18

மூன்று முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. கடலில் இருப்பான்.

ஜனவரி 30

கடலில் இல்லை. துரைப்பாண்டி சார் சொன்னார், தினமும் காலையில் வந்து இசக்கியை நிற்கவைத்து அடிக்கிறானாம். இசக்கி எப்படி ஒத்துக்கொண்டான் என்று கேட்டேன். "கேட்டான், நின்னான்," என்றார் சார்.

பிப்ரவரி 16

கிளப் மைதானம். டிரையலுக்கு நிறையப் பேர். ரெக்சன் துரைப்பாண்டி சாரோடு வந்திருந்தான். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான். அவ்வளவுதான். சார் மட்டும் என் தோளைத் தட்டி, "மெலிஞ்சிட்டியேல," என்றார்.

ஆட்டத்தில் அவன் ஒரு கோல் அடித்தான், ஒன்றுக்கு வழி செய்து கொடுத்தான். கடலில் இருந்து வந்தவனின் கால் மாதிரியே இல்லை. பிறகு பாக்ஸ் விளிம்பில் பந்து வைத்து அடிக்கிற சோதனை. நான் கிளவுஸ் மாட்டிக்கொண்டு கோலுக்குள் போனேன். சென்ற வருஷம் போல வாசு கோச் விசிலை எடுத்தார்.

ரெக்சன் கையைத் தூக்கினான். "சார், எனக்கு வேற கீப்பரப் போடுங்க சார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோச், "ஏம்ப்பா?" என்றார்.

"அவன் எங்க ஊரு சார். பழகின பையன்."

கோச் என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்தேன். பெங்களூரிலிருந்து வந்திருந்த கீப்பர் ஒருவன் உள்ளே போனான். பந்து பொறுக்கிப் போட ஆள் வேண்டும் என்பதால் வலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து கீப்பருக்குத் தெரிவது எல்லாம் எனக்கும் தெரியும்.

முதல் பந்து. தோளைத் தொடவில்லை. வலது பக்கம் என்று என் உடம்பு சாய்ந்தது. இடது பக்கம் உள்ளே போனது. இரண்டாவது, மறுபடி தொடவில்லை, வலது. மூன்றாவதும் நான்காவதும் உள்ளே. எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. கீப்பர் பாவம் எங்கெங்கோ தாவிக்கொண்டிருந்தான்.

கடைசிப் பந்தை வைத்துவிட்டு ரெக்சன் நிமிர்ந்தான். கீப்பரைத் தாண்டி, வலையைத் தாண்டி, என்னைப் பார்த்தான். வலது தோளைப் பிடித்து நிதானமாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டான். நான் முழுதாக இடது பக்கம் சாய்ந்துவிட்டேன், ஒரு கால் கூட எடுத்து வைத்துவிட்டேன். பந்து வலது மூலையில் வலையை இழுத்துக்கொண்டு நின்று, கீழே விழுந்தது.

பெங்களூர்க் கீப்பருக்கு அந்த இழுப்பில் ஒன்றுமே தெரிந்திருக்காது. அது அவனுக்காகச் செய்தது இல்லை.

வாசு கோச் என்னிடம் வந்து, "நீ டிசம்பர்ல சொன்ன பையன் இவன்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "திங்கக்கெழம டாக்டர்கிட்ட காட்டிட்டு சேர்ந்துக்கச் சொல்லு," என்றார். துரைப்பாண்டி சார் இந்த முறை தொப்பியைக் கழற்றியவர் மறுபடி போடவே இல்லை.

ரெக்சன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து லேஸ் அவிழ்த்துக்கொண்டிருந்தான். கோச் சொன்னதைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டான். அவன் அப்பாவுக்குப் போன் போட்டான், "அப்பா, வேற ஆளு பேசிருங்க," என்றான், போனை சாரிடம் கொடுத்துவிட்டான்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பயிற்சி முடிஞ்சதும் நான் நிக்கட்டுமால? முன்ன மாதிரி," என்று கேட்டேன்.

அவன் இரண்டாவது ஷூவையும் கழற்றினான். "வேண்டாம்ல. இங்கன கீப்பருங்க நெறைய பேர் இருக்காங்கள்ல," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "சாப்ட்டியா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். சார் முன்னால் நடக்க, மூன்று பேரும் சாப்பிடப் போனோம்.